சௌந்திரம் அக்காவின் கெண்டைக்கால்

அஸ்பியா புதுச்சத்திரத்தில் பிசியோதெரபி நிலையம் திறந்தபோது, சேலம் அம்மாபேட்டையில் இருக்கும் அவள் வீட்டார் ஆள் வராதே என்றுதான் பயந்தார்கள். வந்தார்கள். போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்கள், கபடி ஆடுகிறவர்கள், விடிந்ததும் ஓடப் போகிற வாத்தியார்கள். இறுகிப்போன தசையைக் கட்டைவிரலால் தேடிப் பிடித்து, இளகும்வரை நீவிவிடுவதில் அஸ்பியாவுக்கு நல்ல கைராசி. வாயும் குறைச்சல் இல்லை. சொன்ன பயிற்சியைச் செய்யாமல் வருகிறவர்களை ஒரு பிடி பிடித்துவிடுவாள்.

அவளைத் திணறடித்தது இந்த ஊர்க்காரர்களின் மரியாதைதான். வலிக்கிறதா என்று கேட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு "இல்லீங்க" என்பார்கள். வலிக்கிறது என்றால் பாடுபடுகிற புள்ளையைக் குறை சொன்னதாக ஆகிவிடுமாம். இப்படியும் ஒரு நல்ல மனசு! மற்றவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். ஏமாந்தது சௌந்திரத்திடம் மட்டும்தான்.

சௌந்திரம் தோட்டங்காடு உள்ள குடும்பத்துக்காரி. ஐம்பதை நெருங்கும் வயதில் வள்ளி கும்மி ஆடக் கற்றுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தனக்கென்று அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். குதித்து ஆடி ஆடி வலது கெண்டைக்கால் கட்டை மாதிரி இறுகிவிட்டது. அதற்கு முந்தின திங்கட்கிழமை அஸ்பியா அழுத்தி நீவ நீவ, அவள் சிரித்த முகமாக மாட்டுக் கதை பேசிக்கொண்டே படுத்திருந்தாள். மறுநாள் நொண்டிக்கொண்டு வந்தாள். கால் கன்றி நீலம் பாரித்திருந்தது.

அஸ்பியா குனிந்து காலைப் பார்த்தாள். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று சத்தம் போட்டாள்.

"நீ அத்தன பாடுபட்டு நீவி உடற. வலிக்குதுன்னா உன்ற மனசு சங்கடப்படுமேன்னுதான் சாமி."

அதற்கு மேல் எப்படித் திட்டுவது? தன் கையே இந்தக் காலைக் கெடுத்துவிட்டதே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. அழுத்துவதை நிறுத்தி ஐஸ் வைத்தாள். ஒத்திகைக்குப் போகவே கூடாது என்றாள். நீலம் மஞ்சளாக வெளுத்த பிறகு, கன்றிய இடத்தை விட்டுவிட்டு மேலாக நீவினாள். வலிக்கிறதா என்று அப்போதும் கேட்டாள். அப்போதும் அதே "இல்ல சாமி". தலையில் அடித்துக்கொண்டாள். ஆடலாம், ஆனால் வலித்தால் அந்த நிமிஷமே உட்கார்ந்துவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கினாள். அந்தச் சத்தியத்தில் அவளுக்கு நம்பிக்கை துளியும் இல்லை.

ஞாயிறு சாயங்காலம் மைதானத்தில் முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அஸ்பியா ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அந்த வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சைப் புடவைகள் சுழன்றன. பாட்டு மாற்றிப் பாட்டு போயிற்று. சௌந்திரத்தின் முகம் சிரித்தபடியே இருந்தது. அந்தச் சிரிப்பை நம்ப முடியாமல் அஸ்பியா தவித்தாள்.

சட்டென்று சௌந்திரம் வரிசையை விட்டு விலகினாள். என்னாச்சு என்று கேட்ட கும்மி ஆசிரியரிடம், கால் வலிக்கிறது என்று சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள். நேராக வந்து அஸ்பியாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சொந்தபந்தம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள்.

"வலிக்குது சாமி. கடைசிப் பாட்டுக்கு நான் ஆடோணும். பாத்து நீவி உடு."

அஸ்பியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு, எந்த இடத்தில் என்று கேட்டாள்.

சௌந்திரம் குனிந்து விரல் வைத்துக் காட்டினாள்.