இந்திராவதியக்கா இரவல் வாங்கிய துப்பாக்கி

“அந்தப் பன்னிங்க இன்னும் போவல தம்பி!” மகேந்திரா வீட்டு வாசலில் கால் வைக்கும்போதே இந்திராவதியக்கா ஆரம்பித்துவிடுவார். சனிக்கிழமை தோறும் இதே கூத்து. கையில் ஒரு கிண்ணம் கறி, வாயில் ஒரு பொய். போன வாரம் காட்டுப் பன்றிகள் மரவள்ளியைத் தோண்டின. இந்த வாரம் குட்டி போட்டிருக்கின்றன. ஃபிஜியில், எங்கள் தவுவாவில், அக்காவின் கரும்புத் தோட்டத்தில் பன்றியின் கால்தடம்கூடக் கிடையாது. பக்கத்துத் தோட்டக்காரி நான், எனக்குத் தெரியாதா?

இந்தப் பொய்யையெல்லாம் கேட்டுக்கொள்பவர் மகேந்திரா. மனைவி இல்லை. போன வருடம் தலைநகர் சுவாவில், இந்திய வம்சாவளிப் பிரதமர் வேண்டாமென்று துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டைப் பிடித்த பிறகு, மகன்கள் இருவரும் குடும்பத்தோடு ஆக்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டார்கள். நிலக் குத்தகையும் முடிந்தது. மனிதர் பேச்சையே நிறுத்திவிட்டார். பகலெல்லாம் தன் லைசென்ஸ் துப்பாக்கியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா அதைப் பார்த்தார். “பன்னித் தொல்ல தாங்கல தம்பி, அத்தக் கொஞ்சம் குடேன்” என்று கேட்டு வாங்கியே விட்டார். எட்டு மாதமாயிற்று. துப்பாக்கி அக்கா வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் பழைய புடவையில் சுற்றிக் கிடக்கிறது.

சட்டப்படி தப்பு என்றேன். “போலீஸ் வந்தா ரொட்டி போட்டுக் குடுக்கறேன், நீ போ” என்றார்.

அக்காவுக்கு அறுபது வயது. கோயிலுக்கும் ரப்பர் பூட்ஸோடுதான் வருவார். பேரன் பேத்திகளோடு ஹிந்தி. சாமியோடும் மகேந்திராவோடும் தமிழ். மாதம் ஒருமுறை, “முட்டி வலிக்குது, தொணைக்கு வா” என்று மகேந்திராவை லவுட்டோக்கா ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போய், முட்டியைக் காட்டாமல் அவரை மனநல டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறார்.

ஒருநாள் கடையில் யாரோ, “அந்தப் பைத்தியக்காரப் பாகல் கையில துப்பாக்கி இருந்திச்சே, ஊரச் சுட்டிருப்பான்” என்றான். அக்கா சாமான் பையைக் கீழே வைத்தார்.

“பார்லிமெண்டுக்குத் துப்பாக்கி தூக்கினு போனவன் எவன்டா பாகல்? அல்லாரும் நல்ல புத்தியோடதான் போனானுங்க. மகேந்திரா ஒரு கோழியக்கூடச் சுட மாட்டான். தன்னத்தானே சுட்டுக்குவானோன்னுதான்டா எனக்குப் பயமா இருக்குது!”

எனக்கு அப்படியே அக்காவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

போன சனிக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். அக்கா பன்றிக்குட்டிகளை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தார். மகேந்திரா குறுக்கே பேசினார்.

“அக்கா, பன்னி சுடறேன்னு துப்பாக்கி வாங்கினு போன. தோட்டா கேக்கவேயில்லியே.”

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எட்டு மாதப் பொய், இந்த ஒன்றை மறந்துவிட்டது.

“அன்னிக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போன மகேந்திரா, ஒரு தோட்டாப் பெட்டியோடு வந்தார். “சில நாளு இதயும் எடுத்து வெச்சிப் பாத்துக்கினு இருக்கறேன். இது இங்க வேணாம். நீயே வெச்சிக்க.”

நீட்டிய பெட்டியை அக்கா வெறுமனே வாங்கவில்லை. பெட்டியோடு சேர்த்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.