வாரேன்னு அடித்துவிட்டுப் போனவர்

எங்கள் பழைய ஆன்லைன் கேமை அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே மறுபடி விட்டிருக்கிறார்கள். போன வாரம் மகள் ஏற்றிக் கொடுத்தாள். முன்பின் தெரியாத ஒருவரோடு சேர்ந்து ஓநாய் அடித்துக்கொண்டிருந்தேன். கடைக்கு ஆள் வந்ததும் ‘வாரேன்’ என்று அடித்துவிட்டு மூடிவிட்டேன். சாப்பாடெல்லாம் முடித்துத் திறந்தால், அந்த மனுஷர் ஆற்றோரம் அப்படியே நிற்கிறார். ‘வரேன்னீங்களே?’ என்கிறார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இந்த ஒரு சொல்லால் ஒரு காலத்தில் எங்கள் கூட்டமே செத்துக் கிடந்திருக்கிறது.

அப்போது அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எங்களுக்கு பிரவுசிங் சென்டர். டைப்பிங்கும் ஜெராக்ஸும் பிழைப்பு. ஆள் வராத மத்தியானங்களில் கேடயம் தூக்குவேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் வந்தது என்றால் அது பூதங்களோடு சண்டை போட்டு வந்ததுதான். வழி காட்ட அம்புக்குறியெல்லாம் அப்போது கிடையாது. சூனியக்காரி வீடு எங்கிட்டு இருக்கிறது என்று எதிரில் வருகிற ஆளிடம்தான் கேட்க வேண்டும். கேட்டால் வழியோடு விடுவார்களா? ஊர், வேலை, மத்தியானம் என்ன குழம்பு, எல்லாம் வரும். அப்படிச் சேர்ந்த கூட்டம்தான் எங்கள் கில்ட். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்துப் பேசிக்கொள்வோம். கேமுக்குள் முன்னால் நின்று அடி வாங்குகிற மீசைக்காரன் என் ஆள் என்பதால், எல்லோருக்கும் நான் ‘அண்ணே’. பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறபோது எதற்குத் திருத்துவானேன் என்று விட்டுவிட்டேன்.

அடிபட்டவர்களைத் தேற்றுகிற வேலை ஜெகதாப்பட்டினத்துக்காரர் ஒருவருக்கு. டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஐஸ் பிளான்ட்டில் கணக்குப் பார்ப்பவர், ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆடுவார். ‘அண்ணே, உசுரைக் கொஞ்சம் மிச்சம் வைங்க. சுத்தமா விட்டுட்டா நான் எதைத் தேத்துறது?’ என்பார். கில்ட் தலைவர் பெங்களூரில் பிறந்து வளர்ந்த தமிழர். நல்ல மனுஷர், ஆனால் எதைச் சொன்னாலும் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வார்.

ஒருநாள் ராட்சசப் பல்லி குகை வாசலில் நின்று, ‘இறங்கலாமா?’ என்று தலைவர் கேட்டார். டாக்டர் ‘வாரேன்’ என்று அடித்தார். நம்பி எல்லோரும் உள்ளே இறங்கினோம். அங்கே பிளான்ட்டுக்கு லோடு லாரி வந்து, அவர் எழுந்து போய்விட்டார். பல்லி எங்களை வரிசையாகப் படுக்கப்போட்டது.

மறுநாள் தலைவர் விடவில்லை. ‘போறதுன்னா போறேன்னு அடிங்க. வரேன்னா என்ன அர்த்தம்?’

‘போறேன்னு சொல்லிட்டு எந்திரிக்க வரலைங்க. எங்க வீட்ல எல்லாரும் கடலுக்குப் போறவங்க.’

‘இது கடல் இல்லையே.’

‘வாய் ஒண்ணுதானுங்களே.’

அதற்கப்புறம் கொஞ்ச காலத்திலேயே டாக்டரைக் காணவில்லை. கடைசியாக அவர் அடித்திருந்ததும் ‘வாரேன்’தான். வாரங்கள் போயின. கில்டில் இடமெல்லாம் நிரம்பியிருந்தது. புது டாக்டர் ஒருவர் சேரக் காத்திருந்தார், இவரைவிடப் பெரிய கை.

‘அண்ணே, அவர் விட்டுட்டார். பேரை எடுத்துடறேன்’ என்றார் தலைவர்.

‘வாரேன்னு சொல்லிட்டுத்தானேங்க போயிருக்காரு?’

‘பல்லிகிட்ட மாட்டிவிட்ட அன்னிக்கும் அதத்தான் சொன்னார்.’

‘மறுநாள் வந்தாருல்ல.’

‘யாராவது ஒருத்தர் பேரை எடுத்தாத்தான் இடம் கிடைக்கும், அண்ணே.’

கடல் வீட்டு ஆள். அவர் பேரை எடுத்தால், இனி வரமாட்டார் என்று நாமே சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிடாதா? எனக்கு மனசு ஒப்பவில்லை. ‘அப்ப என் பேரை எடுங்க’ என்று அடித்தேன். கேடயம் இல்லாமல் இவர் எந்தக் குகைக்குள் இறங்கிவிடுவார் என்கிற தைரியம்தான்.

எடுத்துவிட்டார். எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறவர் என்றுதான் சொன்னேனே.

அப்புறம் தனியாக ஓநாய் அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம், சரியாகத் தூங்கி நாளான முகத்தோடு ஒருவர் கடைக்கு வந்தார். கலெக்டருக்கு மனு டைப் பண்ண வேண்டும் என்றார். அவருடைய அண்ணன் போன படகை எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைக் கண்டித்துப் படகுகள் எதுவும் கடலுக்குப் போகாமல் ஐஸ் பிளான்ட்டும் மூடிக் கிடந்தது. அவர் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுத்தேன். அந்த அண்ணன் பிறகு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர், தயங்கி நின்றார். ‘அக்கா, அறந்தாங்கில பிரவுசிங் சென்டர் வச்சிருக்க ஒரு அண்ணன், கேடயம் தூக்கிட்டு கேம் ஆடுவாரு. அது இந்தக் கடைங்களா?’

‘உசுரைக் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன். தேத்துறீங்களா?’ என்றேன்.

என்னைப் பார்த்தார், ஸ்கிரீனில் நின்ற மீசைக்காரனைப் பார்த்தார். ‘அண்ணே’ என்று ஆரம்பித்தவர், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். வந்ததிலிருந்து அவர் முகத்தில் பார்த்த முதல் சிரிப்பு.

பக்கத்து சிஸ்டத்தில் உட்கார வைத்தேன். கில்டைத் திறந்தார். அவர் பேர் இருந்தது.

‘ஒங்க பேரு எங்கக்கா?’

‘ஒங்க பேரு இருக்குல்ல. அதப் பாருங்க.’

விவரத்தைச் சொன்னேன். அவர் கீபோர்டை இழுத்து, ‘வந்துட்டேன். எனக்காக வெளிய போனவங்களை உள்ள சேருங்க’ என்று அடித்தார்.

‘இடம் இல்லையே’ என்றார் தலைவர்.

புது டாக்டரும் அப்போது உள்ளேதான் இருந்தார். திருமயம் பக்கத்து ஆளாம், வேலைக்காகச் சென்னையில் இருப்பவர். ‘அவங்க இடத்துலயா நான் உக்காந்திருக்கேன்? யாரும் சொல்லவே இல்லையே. எனக்கு வேற கில்ட் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. நான் வாரேங்க’ என்றார்.

தலைவர் அடித்தார்: ‘இது வர்ற வாரேனா, போற வாரேனா?’