அம்சம் பேசவேண்டிய கூட்டம்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அம்சம் ஊராட்சித் தலைவர். நாற்று நட்டு வளர்ந்தவள். பெண்களுக்கென்று ஒதுக்கிய பதவிக்கு நின்று ஜெயித்தவள். ஆனால் தலைவர் யாரென்று ஊரில் கேட்டால் அவள் கணவர் வைரக்கண்ணுவைத்தான் காட்டுவார்கள். நாற்காலி அவருக்கு, கையெழுத்து இவளுக்கு. ஊர் வழக்கம் அப்படி. இதற்காக வெட்கப்பட ஒருவருக்கும் நேரமில்லை.

மகள் தமிழ்நிலா கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். ஆப்பிரிக்க நாவல்களில் பெண் முன்னேற்றமும் தேச வளர்ச்சியும் என்று ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். அந்தக் கதைகளை வீட்டிலும் சொல்லுவாள். விடுதலைக்காக முன்னால் நின்ற பெண்களை, கொடி ஏறியதும் அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்களாம். அம்சத்துக்கு அந்த நாடும் தெரியாது, பாஷையும் தெரியாது. அந்தப் பெண்களை மட்டும் நன்றாகத் தெரிந்தது.

அதே தலைப்பில் கல்லூரியில் கருத்தரங்கம் வைத்தபோது, தொடக்கவுரைக்கு அம்மாவையே கூப்பிட்டாள் மகள். அம்சம் முதன்முதலாக மைக் பிடிக்கப்போகிறாள். பேசுவதற்கு அவளிடம் விஷயம் இருந்தது. காவிரித் தண்ணீர் கடைமடைக்கு வராமல் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்த வருஷம், பெண்களைக் கூட்டிக்கொண்டு இடுப்பளவுச் சேற்றில் இறங்கி அவள் வாரிப்போட்ட கதை. களை பறிக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மேடையில் தமிழ்நிலா ஆப்பிரிக்கப் பெண்களைப் பற்றி அருமையாகப் பேசினாள். கைதட்டல் அடங்கியது. அடுத்து, பாழாய்ப்போன பழக்கம், ஊராட்சித் தலைவர் வைரக்கண்ணு அவர்களைத் தொடக்கவுரைக்கு அழைக்கிறேன் என்று சொல்லிவிட்டாள். துணைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வைரக்கண்ணுவும் அதே பழக்கத்தில் துண்டைச் சரிசெய்துகொண்டு மேடையேறினார். பொன்னாடை போர்த்தினார்கள். அவரும் வாய்க்கால் கதையைத்தான் சொன்னார். தானே இறங்கித் தூர்வாரியதாகச் சொன்னார்.

அம்சம் மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. அழுகையும் வரவில்லை. எல்லோரும் கைதட்டியபோது அவளும் தட்டினாள்.

தமிழ்நிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மைக்கோடு அம்மாவிடம் ஓடிவந்தாள்.

"தப்பு பண்ணிட்டேம்மா. நீ பேசும்மா, எல்லாரும் கேக்குறாங்க."

அம்சம் மைக்கை வாங்கினாள். அரங்கம் அமைதியானது. சேற்றில் இறங்கிய அந்தக் காலையை நினைத்துப் பார்த்தாள். நினைவில் வந்த வாய்க்காலில் அவளைக் காணோம், வைரக்கண்ணு மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

"அதான் அப்பா சொல்லிட்டாங்களே" என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள்.