கருவிப் பெட்டியில் இருபத்து மூன்று பிஸ்கட்

வாஷிங் மெஷின் பழுது பார்க்கிறவனுக்குத் தெருவில் வைத்த பெயர் 'சரிங்க'. யார் என்ன சொன்னாலும் அவன் வாயில் முதலில் வருவது அதுதான். "அப்படியே இந்த மிக்ஸியையும் ஒரு கை பாத்துடு" என்பார்கள். மிக்ஸி அவன் தொழிலே இல்லை. "சரிங்க" என்று அதையும் பார்த்துக் கொடுத்துவிட்டுத்தான் வருவான். வேலையில் கெட்டிக்காரன். மெஷின் சுற்றுகிற சத்தத்தை வைத்தே பெல்ட்டா பேரிங்கா என்று சொல்லிவிடுவான். இதுவரை தப்பியதில்லை.

அப்பேர்ப்பட்டவன் போன வருடம் நான்கு மாதம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. போன் அடித்தால் நெஞ்சு படபடக்கும். சட்டைப் பொத்தான் போடுவதற்குள் களைத்துவிடுவான். மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் பாதி ஆள் எழுந்து உட்கார்ந்தான். மீதிப் பாதி கட்டிலிலேயே கிடந்தது.

"கீட்டோ உணவுன்னு ஒண்ணு இருக்கு" என்றார் மருத்துவர். "மாவுச்சத்தையும் சர்க்கரையையும் ரொம்பக் குறைச்சு, கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் உதவுமான்னு இன்னும் ஆராய்ச்சிதான் நடக்குது. உறுதி சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்தவே கூடாது. மூணு மாசம் பாக்கலாமா?"

"சரிங்க."

வீட்டில் அக்கா படையெடுப்புக்குத் தயாரானாள். தராசு வந்தது. ஒரு நோட்டில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டாள். முட்டை, வெண்ணெய், மீன், கீரை எல்லாம் கிராம் கணக்கு. முட்டைக்கோஸை நிறுத்துப் பார்த்து, கூடுதலாக இருக்கும் ஓர் இலையைத் திரும்ப எடுத்து வைப்பாள். மாலையானால் தம்பியின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கருவியில் வைத்து, வருகிற எண்ணைச் சிவப்பு மையில் எழுதுவாள். உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கினால் அந்த எண் ஏறும்.

வீட்டோடு இருந்த மூன்று வாரமும் எண் ஒன்றுக்கு மேல் நின்றது. ஒரு நாள் காலை அவன் யாரும் சொல்லாமல் எழுந்து, ஒழுகிக்கொண்டிருந்த குளியலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினான். அக்கா பார்க்காததுபோல் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரமே வேலைக்குக் கிளம்பினான். எண் சரிந்தது. 0.2. மறுநாள் 0.1.

"இப்படியே போனா அடுத்த தடவை இந்த உணவை நிறுத்திடலாம். எல்லாருக்கும் ஒத்துவராது" என்றார் மருத்துவர்.

அன்று அவன் 'சரிங்க' சொல்லவில்லை. குழாயைத் திருத்திய அந்தக் காலைப்பொழுதுபோல் இன்னொன்று அவனுக்கு வேண்டும்.

அந்த வாரத்தில்தான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர் போன் செய்தார். "தம்பி, நீ வந்துட்டுப் போனதுலேருந்து மெஷினுக்குள்ள எறும்பு ஊர்வலம் போகுதுப்பா."

அவன் முகம் வெளுத்தது. அதைக் கவனித்த அக்கா நேராகப் போய்க் கருவிப் பெட்டியைத் திறந்தாள். ஸ்பேனர்களுக்கு அடியில், துணியில் பொதிந்து, பிஸ்கட். எண்ணினாள். இருபத்து மூன்று.

"திருட்டுத்தனமா தின்னியாடா?"

"தின்னிருந்தா இங்க எப்படிக்கா இருக்கும்?"

அக்கா இன்னொரு தடவை எண்ணினாள்.

"போற வீட்டுல எல்லாம் குடுக்கறாங்க. வேணாம்னா அவங்க மூஞ்சி சுருங்கிடும்னு பயம். வாங்கிக்கிட்டு, அவங்க திரும்பறப்ப பெட்டிக்குள்ள போட்டுடுவேன். தூள் மெஷின்ல உதிர்ந்திருக்கும்."

"அப்ப நம்பர் ஏன்டா இறங்குது?"

அவன் தலையைச் சொறிந்தான். "டீயை எப்படிக்கா பெட்டில போடறது?"

"டீயா! எத்தனை?"

"வாடிக்கையா போற ஆறு வீடு, ஆறு டீ. டீச்சர் வீட்டுல மட்டும் மூணு ஸ்பூன் சர்க்கரை. நான் இளைச்சுட்டேனாம்."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"உன் நோட்டுல டீக்குக் கட்டமே இல்லையேக்கா."

கோஸ் இலையைக்கூட நிறுத்தவள் நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். "ஆறு வீட்டுக்கும் நானே சொல்லிடறேன்."

"சரி..." என்று தொடங்கியவன் மென்று விழுங்கினான். "வேணாம்க்கா. நானே சொல்லிக்கறேன்."

மறுநாள் தலைமை ஆசிரியை வீட்டில் எறும்பைத் துடைத்து முடிப்பதற்குள் டீ வந்துவிட்டது. பக்கத்தில் இரண்டு பிஸ்கட். அவன் நெஞ்சு, துணி ஒரே பக்கம் சேர்ந்துவிட்ட மெஷின்போல் தடதடத்தது.

"வேணாங்க."

"என்னப்பா?"

"சர்க்கரை சேர்த்துக்கக் கூடாது. மனசுக்கு வைத்தியம் நடக்குது." காது வரை சிவந்துபோயிற்று.

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மூஞ்சி சுருங்கவில்லை. "இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? எனக்கே சர்க்கரை வியாதி. நீ வருவியேன்னு பிஸ்கட் டப்பா வாங்கி வச்சுக்கிட்டு, அதைத் தொடாம இருக்க நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

டீ கழுவுதொட்டிக்குப் போனது. இருவரும் வெந்நீர் குடித்தார்கள்.

மற்ற ஐந்து வீட்டிலும் அவ்வளவு சுலபமில்லை. ஒரு வீட்டில் கோபித்துக்கொண்டார்கள். அன்று மதியம் அவன் படுத்துவிட்டான். மறுநாள் எழுந்தான். எண் மெல்ல ஏறி, மருத்துவரிடம் போகிற நாளில் 0.9 காட்டியது. அக்காவின் நோட்டில் இப்போது டீக்கும் ஒரு கட்டம் உண்டு. அது காலியாகவே இருக்கிறது.

"எப்படி இருக்கு?" என்றார் மருத்துவர்.

"சில நாள் பரவாயில்லைங்க. சில நாள் முடியலை."

"அப்ப மூணு மாசத்துல மீதி நாளையும் தொடர்ந்து பாக்கலாமா?"

அவன் கூரையைப் பார்த்தான், கையிலிருந்த ஊசிப் புள்ளிகளைப் பார்த்தான். அக்காவுக்குப் பொறுக்கவில்லை, முழங்கையால் இடித்தாள். அதற்கும் அவன் அசையவில்லை. நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொன்னான்.

"சரிங்க."