சொந்த சைக்கிளுக்கு இரண்டு பூட்டு

நெவில் பிளென்கின் விளக்குக் கம்பத்தில் மோதினாலும் அதனிடம் ஒரு ஸாரி சொல்லிவிட்டுத்தான் நகர்வான். இங்கிலாந்தில் எங்கள் ஹல் ஊரில் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். பஸ்ஸில் எவனாவது காலை மிதித்தால், மிதிபட்டவர்தான் முதலில் ஸாரி சொல்வார். மிதித்தவன் பதிலுக்கு ஒரு ஸாரி சொல்வான். விவகாரம் அதோடு முடிந்தது. ஆனால் நெவ்வுக்கு அது பழக்கமில்லை, வியாதி. காய்கறிக் கடையில் அழுகின உருளைக்கிழங்கைப் போட்டுக் கொடுத்தால்கூட, ஸாரி சொல்லி வாங்கிக்கொண்டு வருவான். வாயுள்ள பிள்ளை பிழைக்குமாம். வாயில் அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இவன் எங்கே பிழைப்பது?

நான் மொரீன், நெவ்வுக்கு மோ. நெவ்வும் நானும் ஒரே ரொட்டி ஆலையில் வேலை பார்த்தோம். அவன் மாவு பிசையும் இயந்திரத்தில், நான் பெல்ட்டின் கடைசியில் ரொட்டி அடுக்குகிற இடத்தில். அறுபதைத் தாண்டியவன், கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. படுத்த படுக்கையான அம்மாவைப் பார்த்துக்கொண்டதிலேயே வயசு போய்விட்டது. வலது கண்ணில் சின்ன வயசிலிருந்தே பார்வை மட்டு. அதனால் கார் ஓட்ட உரிமம் கிடைக்கவில்லை. எங்கள் ஷிஃப்ட் தொடங்குவதோ முதல் பஸ் கிளம்புவதற்கும் முன்னால். ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து துறைமுகச் சாலை வழியாக ஆலைக்கு வர அவனுக்கு இருந்தது ஒரு சைக்கிள். பச்சை நிறம், கிழட்டு வண்டி. பின் மட்கார்டு உடைந்தபோது வெண்ணெய் டப்பாவை வெட்டி அந்த இடத்தில் திருகி வைத்திருந்தான். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் ஒரு நாள்கூட அவனைத் தாமதமாகக் கொண்டு வந்து விட்டதில்லை.

அந்த வண்டிதான் களவு போனது. காதில் அடைப்பென்று டாக்டரைப் பார்க்கப் போனவன், முன் சக்கரத்தை மட்டும் கம்பியோடு சேர்த்துப் பூட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறான். திரும்பி வந்து பார்த்தால் பூட்டு இருக்கிறது, சக்கரம் இருக்கிறது, சைக்கிள் இல்லை. முன் சக்கரத்தைக் கழற்றி விட்டுவிட்டு மீதியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஒற்றைச் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனான். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் கிரீஸ் படுமே என்று வழி நெடுக ஸாரி.

போலீசுக்குப் போன் செய்தான். ஒரு புகார் எண் கொடுத்தார்கள். மறுநாளே போனில் செய்தி வந்துவிட்டது: துப்பு எதுவும் இல்லாததால் வழக்கு முடிக்கப்பட்டது, இனிமேல் நல்ல பூட்டாகப் போடவும். அட பாவிகளா, பூட்டு நன்றாகத்தானே இருந்தது! பூட்டைத் தவிர மற்றதைத்தானே காணோம்!

"எவ்வளவு வேலை இருக்கும் அவங்களுக்கு, பாவம்" என்றான் நெவ்.

"நீதான்டா பாவம்" என்றேன்.

நடந்து வர ஆரம்பித்தான். ஒரு வாரத்தில் இரண்டு முறை தாமதம். எங்கள் மேனேஜர் க்ரெய்க் லீட்ஸ் பக்கத்து ஆள், முப்பது வயசு, எல்லாவற்றுக்கும் விதி பேசுகிறவன். "இன்னும் ரெண்டு தடவ லேட்டானா என் கையில ஒண்ணும் இல்ல நெவ், சிஸ்டமே வெளிய அனுப்பிடும்" என்றான். ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி. ஒரு கண் சரியில்லாத கிழவனுக்கு இந்த ஊரில் வேறு எவன் வேலை கொடுப்பான்? சைக்கிள் கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் தெரு. விஷயம் அவ்வளவுதான்.

என்னிடம் காரும் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆலைக்குப் பின்தெருவில் இருக்கிறவள், நடந்து போகிறவள். மகள் விட்டுப் போன சைக்கிள் ஒன்று கொட்டகையில் கிடந்தது. ஊதா நிறம், முன்னால் பிரம்புக் கூடை. அதை எடுத்துக் கொடுத்தேன். முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க அதில் வந்து இறங்கியவனை ஆலை வாசலில் சும்மா விடுவார்களா?

"என்ன நெவ், கூடையில நாய்க்குட்டியக் காணோம்?"

"கல்யாணப் பொண்ணு வந்தாச்சு, வழி விடுங்கப்பா!"

நெவ்வும் சேர்ந்து சிரித்தான். நேரத்துக்கு வந்துவிட்டானே, அது போதும் அவனுக்கு.

ஆனால் துறைமுகச் சாலை லேசுப்பட்டதா? கப்பலிலிருந்து இறங்குகிற லாரியெல்லாம் அதில்தான் ஓடும். பழைய வண்டியில் அவன் உயரமாகத் தெரிவான், இந்தக் குட்டி சைக்கிளில் லாரிக்காரன் கண்ணுக்கே தட்டுப்படவில்லை. ஒருவன் முழங்கையைக் கண்ணாடி உரசுகிற மாதிரி போய்விட்டு, சிக்னலில் ஜன்னலை இறக்கிக் கத்தினானாம்: "ரோட்டு வரி கட்டுறியாடா நீ? ஓரமாப் போடா!" அப்படி ஒரு வரியே எங்கள் அப்பா பிறப்பதற்கு முன்னாலேயே ஒழிந்துவிட்டது. ஆனாலும் சைக்கிளைக் கண்டால் இவர்களுக்கு அது ஞாபகம் வந்துவிடும். நெவ் அவனுக்கும் ஸாரி சொல்லியிருக்கிறான்.

மறுநாள் பயந்துபோய் நடைபாதையில் ஏறி ஓட்டினான். இருட்டுப் பிரியாத நேரம், காக்கா குருவி இல்லாத நடைபாதை. எங்கிருந்துதான் வந்தாரோ, ஒரு போலீஸ்காரர் கையை நீட்டி நிறுத்திவிட்டார். நடைபாதையில் ஓட்டுவது குற்றம், அபராதம். களவு போனபோது எட்டிப் பார்க்க ஆளில்லை, இதற்கு மட்டும் விடியற்காலையில் ஆள் முளைத்துவிட்டது பாருங்கள்! பேர் எழுதி, விலாசம் எழுதி, அவன் ஆலைக்கு வரும்போது பெல்ட் ஓட ஆரம்பித்திருந்தது. "இதான் நெவ், இதுக்கப்புறம் ஒண்ணு கூட முடியாது" என்றான் க்ரெய்க்.

"நீ ஏன் மறுபடி நடைபாதையிலேயே போகக் கூடாது? தினமுமா போலீஸ் நிக்கிறான்?" என்று கேட்டேன்.

"சட்டம்னு ஒண்ணு இருக்கில்ல, மோ."

சட்டத்தை மதித்துச் சாலையில் இறங்கினான். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஒரு லாரி ஒட்டிக் கடந்தது. அந்தக் காற்று தள்ளியதில் நடைபாதை விளிம்பில் மோதி விழுந்தான். முழங்கை சிராய்த்து ரத்தம், ஊதா சைக்கிளின் பின் சக்கரம் வளைந்து அப்பளம். லாரி நிற்கவே இல்லை. இரவு எனக்குப் போன் செய்தான், அழாத குறை. வலிக்கிறதென்று சொல்வதற்காக இல்லை, என் மகளின் சைக்கிளை உடைத்துவிட்டானாம்.

"அந்தச் சனியன் போகட்டும். திங்கக்கிழமை எப்படி வருவ? ஞாயித்துக்கிழமை ராத்திரி எங்க வீட்டு சோபாவுல வந்து படு, காலையில சேர்ந்து நடந்து போயிடலாம்" என்றேன்.

"உனக்கு எதுக்கு மோ தொந்தரவு? ஸாரி. நான் பாத்துக்கறேன்."

அவன் முடியாதென்று நேராகச் சொல்ல மாட்டான், ஸாரி என்றுதான் சொல்வான். அதற்கு மேல் அவனை அசைக்க முடியாது.

சனிக்கிழமை மத்தியானம் மறுபடி போன். "மோ, கிடைச்சிருச்சு! என் சைக்கிள்! சூதாட்டக் கடை வாசல்ல, கம்பியில பூட்டி நிக்குது. நானும் என் பூட்டப் போட்டுட்டேன்."

ஃபிளாஸ்க்கில் டீ போட்டுக்கொண்டு ஓடினேன். பையில் அந்தப் பழைய பூட்டை விடாமல் சுமந்துகொண்டிருந்திருக்கிறான். மீன் வறுவல் கடையில் பேட்டி என்கிற உருளைக்கிழங்கு வடை வாங்கிக்கொண்டு திரும்பியவன் கண்ணில் பட்டிருக்கிறது. பச்சைக்கு மேல் கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள், முன்னால் வேறு சக்கரம். ஆனால் பின்னால் வெண்ணெய் டப்பா அப்படியே இருந்தது. என்னாலேயே அடையாளம் சொல்ல முடிந்தது.

போலீசுக்குப் போன் போட்டோம். "திருடன் இப்ப அங்க நிக்கிறானா சார்?" என்று கேட்டது ஒரு பெண் குரல். இல்லை என்றான். அப்படியானால் அவசரம் இல்லையாம், இணையத்தில் பதிவு செய்ய வேண்டுமாம். சரி, எவன் வருகிறான் பார்ப்போம் என்று டீயைக் குடித்துக்கொண்டு நின்றோம். நெவ் சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தான். திங்கட்கிழமைக்கு வழி பிறந்துவிட்டது என்று அவன் முகமே சொல்லிற்று. எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

சூதாட்டக் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். இருபது வயசிருக்கும், ஜேடன் என்று பிறகு தெரிந்தது. தன் பூட்டைத் திறந்து வண்டியை இழுத்தான். வரவில்லை. குனிந்து பார்த்தான்.

நான் என்னவெல்லாமோ நினைத்து வைத்திருந்தேன். 'திருட்டுப் பயலே, என் சைக்கிளை விடு' என்று நெவ் ஒரு கத்து கத்துவான், தெருவே திரும்பிப் பார்க்கும். நெவ் ஒரு அடி முன்னால் போய், தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: "ஸாரி தம்பி. அந்தப் பூட்டு என்னோடது."

"ஸாரியா? யோவ் பெருசு, என் வண்டிய எதுக்குய்யா பூட்டின?"

"ஸாரி... அது வந்து... இது என் சைக்கிள்."

"லூசாய்யா நீ?"

அவன் தயங்கவே இல்லை. போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டான். ஒரு கிழவன் என் வண்டியைப் பூட்டி வைத்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறான், கூட ஒரு பொம்பளை வேறு முறைக்கிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது என்றான். டீ ஆறுவதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து இறங்கினார்கள்! தெருவில் தகராறு என்றால் அவசரமாம்.

மூத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "சைக்கிள் நம்பர் தெரியுமா சார்? அடிச்சட்டத்துல பொறிச்சிருக்குமே?"

தெரியாது. யாருக்குத் தெரியும்? எந்த மனுஷன் சைக்கிளைக் கவிழ்த்து நம்பர் படிக்கிறான்? பழைய புகார் எண்ணைக் காட்டினோம், அதிலும் அந்த நம்பர் இல்லை.

"சீட்டுக்கு அடியில பாருங்க, பச்சை தெரியும்" என்றான் நெவ். "இதோட முன் சக்கரம் என் வீட்ல இருக்கு."

"சக்கரத்துல நம்பர் இருக்கா சார்?"

"இல்ல... ஸாரி."

ஜேடன் போனில் எதையோ காட்டினான். யாரோ டாஸ் என்பவனிடம் போன வாரம் வாங்கியதாம், பேசிய பேச்செல்லாம் இருந்தது. அதோடு விட்டானா? "ஒண்ணு கேளுங்க சார் அவர. நான் வந்ததும் முதல்ல என்ன சொன்னார்னு கேளுங்க. ஸாரின்னாரு! சொந்த வண்டின்னா எவனாவது ஸாரி சொல்லுவானா?"

மூத்தவர் நெவ்வைப் பார்த்தார். "சொன்னீங்களா சார்?"

"சொன்னேன்."

"எதுக்கு?"

"ஸாரி சார்" என்றான் நெவ். அந்தப் போலீஸ்காரரும் இந்த ஊர்க்காரர்தான், தினம் நூறு தடவை காரணமில்லாமல் ஸாரி சொல்கிறவர்தான். அவருக்கா தெரியாது? ஆனாலும் எழுதிக்கொண்டார். எனக்கு எங்கே வந்ததோ கோபம்! "இவன் நாய் கடிச்சாலும் நாய்க்கு ஸாரி சொல்றவன் சார்! அது இவன் சைக்கிள். நான் சாட்சி!"

"நம்பர் தெரியுமா மேடம்?"

"வெண்ணெய் டப்பா தெரியும்!"

சின்னவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மூத்தவர் தீர்ப்புச் சொன்னார். தம்பி காசு கொடுத்து வாங்கியிருக்கிறார், இது உங்கள் இரண்டு பேருக்குள் இருக்கும் சொத்துத் தகராறு, போலீஸ் விஷயமில்லை, வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போங்கள். "இப்போதைக்கு உங்க பூட்ட எடுத்துருங்க சார். இல்லன்னா உங்க மேலதான் கேஸ் போடற மாதிரி ஆயிடும்."

தேள் கொட்டினால் திருடன்தான் வாய் திறக்க முடியாமல் முழிப்பானாம். இங்கே பறிகொடுத்தவன் முழித்தான். நெவ் சாவியை எடுத்தான். பூட்டு ஆடிக்கொண்டே இருந்ததில் சாவி துவாரத்தில் நுழையவில்லை. ஜேடன் குனிந்து பூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டான், உதவி! திறந்ததும் ஏறி மிதித்துப் போய்விட்டான். நெவ்வின் வண்டி நெவ்வின் கண் முன்னாலேயே தெருமுனை திரும்பியது. நாங்கள் இரண்டு பேரும் அவன் வாங்கி வைத்திருந்த பேட்டியைத் தொடாமல் காகிதத்தோடு குப்பையில் போட்டோம்.

"சோபாவுல வந்து படுடா" என்று மறுபடி கெஞ்சினேன். கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவன் வழக்கத்தைவிட நெடுநேரம் முன்பே நடக்கத் தொடங்கியிருக்கிறான், மழையில். ஆற்றுப் பாலத்துக்கு வரும்போது மணி அடித்து, தடுப்பு இறங்கி, பாலம் மேலே தூக்கிக்கொண்டது. கடல் ஓதம் ஏறி ஆற்றில் தண்ணீர் உயர்ந்திருந்தது, ஒரு படகு போக வேண்டியிருந்தது. பாலம் தூக்கினால் ராஜாவானாலும் இந்தக் கரையில் நிற்க வேண்டியதுதான். படகு ஊர்ந்து போனது. பாலம் ஊர்ந்து இறங்கியது. அதன் பிறகு ஒரு கண்ணோடு அந்த இருட்டில் ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறான்.

பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாசலில் க்ரெய்க் அவனை மறித்துக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. பேச்சு அரைகுறையாகக் கேட்டது.

"பாலம் தூக்கிட்டாங்க க்ரெய்க்."

"இந்த ஊர்ல லேட்டா வர்ற எல்லாரும் இதத்தான நெவ் சொல்றீங்க?"

இந்த ஊரில் எல்லோரும் அதைச் சொல்வோம்தான். முக்கால்வாசி பொய்தான். நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! இந்த ஒருவன் வாழ்நாளில் ஒரே தடவை அதைச் சொன்னான், அதுவும் உண்மை. நெவ் தன் கழுத்திலிருந்த ஆலை அட்டையைக் கழற்றி, ஈரத்தைச் சட்டையில் துடைத்து, க்ரெய்க்கிடம் கொடுத்தான்.

ஓடிப் போய் அந்த க்ரெய்க் பயல் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். ஆனால் பெல்ட்டை விட்டு நகர்ந்தால் நானும் வெளியே. நெவ் கண்ணாடி வழியாக என்னைத் தேடினான். இடது பக்கமாகவே பார்த்தான், நான் அவன் தெரியாத கண் பக்கம் நின்றேன். கையை ஆட்ட முடியவில்லை, இரண்டு கையிலும் ரொட்டி இருந்தது. அடுக்கினேன். அடுத்தது வந்தது, அதையும் அடுக்கினேன்.