மேளக்கார அம்மாவின் வலது காது

மேடைப் பொறுப்பாளர் தரையில் வெள்ளை டேப் ஒட்டிக்கொண்டே வந்தார். "மேளக்கார அம்மா இங்க. குழல்காரர் அங்க. டேப்பைத் தாண்டினா மைக் எடுக்காது."

அம்மா இரண்டு டேப்பையும் மாறி மாறிப் பார்த்தார். குழல் அவருடைய இடது பக்கம் வந்திருந்தது. அந்தக் காது கேட்காமல் போய் இரண்டு வருடம் ஆகிறது.

வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. குழல்காரன் அம்மாவின் கொழுந்தன். குழுவின் தலைவனும் அவன்தான். போன வருடம் தாளக்காரருக்குக் காது மந்தமானபோது, "கேக்காத ஆளோட என்னால ஊத முடியாதுப்பா" என்று ஒரே நாளில் அனுப்பிவிட்டான். அம்மாவோ மருமகளாக வந்த கையோடு மாமனாரிடம் சண்டை போட்டு மேளத்தைத் தோளில் மாட்டியவர். இருபத்தாறு வருடமாக இறக்கவில்லை. குழலை எப்போதும் வலது பக்கம் வைத்தே இதுவரை சமாளித்திருந்தார்.

"பக்கம் மாத்தி நிக்கலாமா, தம்பி?" என்று பொறுப்பாளரிடம் கேட்டார்.

"அம்மா, நாட்டுப்புறக் கலைவிழா இது. பின்னால பதினோரு குழு நிக்குது. உங்களுக்குப் பன்னிரண்டே நிமிஷம்."

"என்ன அண்ணி, சினிமா தியேட்டரா, சீட்டு மாத்திக் கேக்க?" என்றான் கொழுந்தன்.

விளக்கு எரிந்தது. முதல் பாட்டு பழகிய நடை. கை தானாக ஓடியது. இரண்டாவதில்தான் வம்பு. கொழுந்தன் எங்கே வேகம் கூட்டுவான் என்று அவனுக்கே தெரியாது. அம்மா அவன் கன்னத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கன்னம் உப்பினால் நீட்டுகிறான். ஒட்டினால் மூச்சு வாங்குகிறான். ஒவ்வொரு அடியும் சரியாக விழுந்தது.

கூட்டம் விசிலடித்தது. அவன் உற்சாகமாகி மேடை விளிம்புக்கு நடந்தான். இப்போது தெரிந்தது முதுகு மட்டும்.

நாலு அடி குருட்டாம்போக்கில் போட்டார். ஐந்தாவது பிசகியது.

அம்மா டேப்பைத் தாண்டினார். அடித்தபடியே அவனுக்குப் பின்னால் சுற்றிவந்து மறுபக்கம் நின்றார். குழல் வலது காதில் வந்து விழுந்தது, கை நடையைப் பிடித்துக்கொண்டது. ஏதோ வித்தை என்று நினைத்து ஜனம் எழுந்து கைதட்டியது. ஓரத்தில் மேடைப் பொறுப்பாளர் தலையில் கைவைத்தார்.

பாட்டு முடிந்தது. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே அவன் கேட்டான்: "எந்தக் காது, அண்ணி?"

"இடது."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம்."

சிரிப்பு அப்படியே உறைந்தது. "ரெண்டு வருஷமா ஒரு அடி பிசகலையே!"

"இன்னிக்கு ஒண்ணு பிசகிச்சு."

"அது கேட்டுச்சு." குழலை வாயருகே கொண்டுபோய் இறக்கினான். "அடுத்த பாட்டுக்கு இங்கயே நில்லுங்க. முடிஞ்சதும் தாளக்காரர் வீட்டுக்குப் போகணும். நீங்கதான் முதல்ல பேசணும், அண்ணி. என்னைப் பார்த்தா கதவைச் சாத்திடுவாரு."