நீலம் பாய்ந்த கத்தி

சாணைக்காரருக்கு ஒரு கண்தான். இன்னொன்றைச் சாணைக்கல் தின்றுவிட்டது. சுழன்றுகொண்டிருந்த கல் ஒருநாள் இரண்டாகப் பிளந்தது. ஒரு துண்டு எதிர்வீட்டுக் கதவில் பாய்ந்தது, மற்றது இவர் முகத்தில். கழுத்தெல்லாம் ரத்தம் ஓட, கத்தி கொடுத்திருந்த அம்மாளிடம், "மீதிய நாளைக்குத் தீட்டித் தர்றேம்மா" என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்த ஆள் அவர்.

சைக்கிளின் பின்னால் கல்லைப் பூட்டியிருப்பார். ஸ்டாண்டைப் போட்டு மிதித்தால் கல் சுழலும். "சாணை பிடிக்கலையா, சாணை!" என்று குரல் கொடுத்தால் முன்பெல்லாம் தெருவே அரிவாளும் கத்தியுமாகத் திரண்டு வரும். ஊருக்குப் புதியவன் கலவரம் என்று நினைத்து ஓட்டம் பிடிப்பான். இப்போது மழுங்கினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குகிறார்கள். அது கிடக்கட்டும். அவருக்கிருந்த கவலை மகள்.

மகளைக் கறிக்கடைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். கத்தி தீட்ட வாடிக்கையாக வந்தவன்தான். தொடை எலும்பை ஒரே வெட்டில் துண்டாக்குவான். அதைப் பார்த்து, 'கை உரமான பையன்' என்று மெச்சியவரும் இவர்தான். அந்த உரமெல்லாம் பெண்டாட்டி முதுகில் இறங்கும் என்று யார் கண்டது? சோறு ஆறியிருந்தால் அடி, சுட்டாலும் அடி. முதலில் வெறுங்கை, பிறகு இடுப்பு வார். தாங்க முடியாமல் ஒருமுறை அவள் அப்பா வீட்டுக்கு ஓடிவந்தாள். பின்னாலேயே வந்தவன் கதவை உதைத்து உடைத்து, அவள் தலைமயிரைக் கையில் சுருட்டி இழுத்துக்கொண்டு போனான். குறுக்கே விழுந்த சாணைக்காரருக்கு வாயில் ஒரு குத்து. முன்பற்கள் தரையில் உருண்டன. போலீஸ் நிலையத்தில், "புருஷன் பொண்டாட்டி விவகாரம், பெரியவரே" என்று தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் சாட்சிக்கு வரவில்லை. அவர்களுக்கும் கறி வேண்டுமே.

அப்புறம் ஒருநாள் மகளின் முன்கையில் தையல் போட்டிருந்தது.

"அடுப்படிக் கத்திய எடுத்து வீசிட்டாருப்பா. கழுத்துக்குத்தான் வந்துச்சு. கைய வெச்சுத் தடுத்துட்டேன்."

அந்தக் கத்தியைப் போன வாரம்தான் அவர் தீட்டிக் கொடுத்திருந்தார். வெட்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. தான் தீட்டிய கத்தியாலேயே மகள் சாவாள் என்று பயந்தார். அந்தப் பயம்தான் அவரை அந்தக் காரியம் செய்ய வைத்தது.

வெறுமனே மழுங்க வைக்கலாம் என்றால் மாப்பிள்ளை கறிக்கடைக்காரன். கூர் இருக்கிறதா என்று நகத்தில் வைத்துப் பார்த்ததும் கண்டுபிடித்து, அவனே தீட்டிக்கொள்வான். வேறு வழி ஒன்று உண்டு. தண்ணீர் விடாமல் கத்தியைக் கல்லில் அழுத்திப் பிடித்தால், இரும்பு கொதித்து நுனியிலிருந்து நீலம் பாயும். நீலம் பாய்ந்த கத்தி செத்த கத்தி. மேலாகத் தேய்த்து நீலத்தை எடுத்துவிட்டால் பளபளக்கும், நகத்தில் பிடிக்கும், வெங்காயம்கூட நறுக்கும். ஓங்கி வெட்டினாலோ எலும்பில் பட்டாலோ தகரம் மாதிரி மடங்கிவிடும். சாணை பிடிக்கிறவன் கையால் செய்யவே கூடாத பாவம் அது.

மாப்பிள்ளை கடையில் இருக்கும் நேரம் பார்த்து மகள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார்.

"வீட்டுல இருக்கிற கத்தி எல்லாத்தையும் கொண்டாம்மா."

ஒவ்வொன்றாகக் கொன்றார். பொறி பறந்து சட்டையில் ஓட்டை விழுந்தது. மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அடிக்குப் பயந்து புருஷனிடம் உளறிவிடுவாள் என்று நினைத்தார். பெற்ற மகளை அவ்வளவுதான் நம்பினார்.

அடுத்த முறை அவள் கேட்டாள்: "சீக்கிரமே மழுங்கிடுதேப்பா?"

"இரும்பு மட்டம்மா. தேய்ச்சு வெச்சுக்கோ."

அதற்கப்புறம் ஒரு சாயங்காலம், கறிக்கடைக்காரன் இடுப்பு வாரை அவள் கழுத்தில் சுற்றி முறுக்கினான். கண் பிதுங்கியது. எப்படியோ உதறிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடி, மேடையிலிருந்த நீளக் கத்தியை எடுத்தாள். அத்தனை வருஷத்து அடியையும் சேர்த்து அவன் விலாவில் குத்தினாள். சட்டை கிழிந்தது. தோல் கீறியது. கத்தி எலும்பில் முட்டி, முனை மடங்கி நின்றது. அவன் கத்தியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சிரித்தான்.

"உங்கப்பன் வெண்ணெய் வெட்டிச் சிப்பாய்டி!"

கத்தி பிடித்த கையையே மேடை விளிம்பில் வைத்து முறித்தான். கீழே விழுந்தவளை முகத்திலும் இடுப்பிலும் உதைத்தான். அவள் அலறல் அடங்கிய பிறகுதான் அக்கம்பக்கம் பயந்து கதவைத் திறந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று போலீஸும் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அப்பாவுக்கும் மகளுக்கும் சேர்த்து அன்றைக்கு இரண்டே கண்.

"கத்தி மடங்கிடுச்சுப்பா. விலாவுல பட்டதும் அப்படியே மடங்கிடுச்சு. எப்படிப்பா?"

'இரும்பு மட்டம்' என்ற சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கினார். "நான்தாம்மா அதக் கொன்னேன். அவன் உன்ன வெட்டிடக் கூடாதுன்னு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

முறிந்த கையை ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா. வாசக்கதவு தெறந்துதான் கெடந்துச்சு. நான் வாசலுக்கு ஓடியிருப்பேன். கத்தி இருக்குன்னு நம்பித்தான் அடுப்படிக்கு ஓடினேன்."

சாணைக்காரர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மாவுக்கட்டோடு அவள் அப்பா வீட்டுக்கு வந்த வாரம், அவன் ஜாமீனில் வந்துவிட்டான் என்று சேதி வந்தது. "வந்து இழுத்துட்டுப் போறேன்" என்று கடையில் நின்று எல்லோரிடமும் சொல்கிறானாம். சாணைக்காரர் நல்ல எஃகாக ஒரு கத்தி எடுத்தார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, அவசரப்படாமல், காலை முழுக்கத் தீட்டினார். கைப்பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார்.

முறியாத கையால் வாங்கினாள். "இதுவாச்சும் நெசமா?"

"நகத்துல வெச்சுப் பாரும்மா."

அவள் தன் நகத்தில் வைக்கவில்லை. "கையக் காட்டுங்க" என்றாள். அவர் நீட்டிய கட்டைவிரலின் மேல் கத்தியை வைத்து லேசாக இழுத்தாள். தோல் திறந்து ரத்தம் குபுக்கென்று வந்தது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அவள் கத்தியைப் பாவாடையில் துடைத்துத் தலையணைக்கடியில் வைத்தாள். "சரிப்பா. போயி வாசக்கதவத் தெறந்து வைங்க" என்றாள்.